பத்தொன்பதாவது கிலோ

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள் ஒரு பெண். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் விழுகிறது. மழை பெய்தால் கூடை கனக்கும். அந்தக் கனம் அவள் கணக்கில் சேராது. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டுவதில் தண்ணீருக்கு, கூடைக்கு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

இலங்கை மலையகத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் பல தோட்டங்களில் அரைப் பேர்தான். 18ஐத் தாண்டினால் கிலோவுக்குக் காசு. ஒரே செடியில் கிள்ளியதுதான், ஆனாலும் பதினெட்டாவது கிலோ வேறு சாதி, பத்தொன்பதாவது வேறு சாதி.

இந்தப் பிரிவினையின் வேர் கொழும்பில் இருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு, முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தை முடிவுசெய்து வந்தன. 2016இல் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். பிரித்தால் அடிப்படைச் சம்பளம் 500தான். தேயிலை விலைப் பங்கு 30. ஒழுங்காக வேலைக்கு வந்தால் 60, கிலோ நிறைத்தால் 140. காய்ச்சலில் பல நாள் படுத்தால் அந்த 60 கைநழுவும். சேமலாப நிதிக்கும் அந்த 500தான் கணக்கு.

2019இல் ஆயிரம் கேட்டுப் போராடியவர்களுக்குக் கிடைத்தது 750: அடிப்படை 700, விலைப் பங்கு 50. வரவுப் பணமும் கிலோ நிறைத்த பணமும் போயின. மேலதிகக் கிலோவுக்கு 40 ரூபாய் வந்தது. வெறும் 20 ரூபாய்தானா என்று அன்று கொதித்தவர்கள் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அடிப்படையில் ஏறிய 200 ரூபாய், காய்ச்சல் வந்தாலும் வேலை செய்த நாளுக்கு இறங்காத பணம்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஆயிரத்தை நிர்ணயித்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. பல தோட்டங்களில் நாளுக்கு 20 கிலோ என்றார்கள். மேலதிகமாகக் காசு வாங்கிக்கொண்டிருந்த பத்தொன்பதாவது கிலோ, நாட்சம்பளத்துக்குள் கரைந்துபோனது.

2024இல் சம்பளம் 1350 ஆனது. அடுத்து பேசப்போகும் தலைவர்களே, எத்தனை ரூபாய் என்பதோடு எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்பதையும் எழுதி வாங்கி வாருங்கள்.