நாண்மலர் லில்லி அன்று

பூச்செடிக் கடைகளில் ‘மஞ்சள் லில்லி’ என்னும் பெயரில் விற்கப்படும் செடிகளுள் ஒன்று உண்மையில் லில்லியே அன்று. திரிங்காப் போன்ற குளிர்ந்த மலையூர்களில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பெற்றோரும், பள்ளித் தோட்டத்தைப் பேணும் ஆசிரியப் பெருமக்களும் இதனை அறிந்திருத்தல் நலம். வெறும் பெயர்ச்சண்டை என்று ஒதுக்கிவிட இயலாது. இது சமையற்கட்டு வரை வரும் செய்தி.

இதன் தாயகம் கிழக்காசியா. சீனர் இதனைக் கவலை மறக்கச் செய்யும் செடி என்றனர். தாய் வாழும் பகுதியில் இதனை நடும் வழக்கத்தால், பிறர் தாயை மரியாதையாகக் குறிக்கும் ‘சுவான்தாங்’ என்னும் சொல்லும் இச்செடியின் பெயரிலிருந்தே பிறந்தது. எத்துணை அழகிய வழக்கம்! மொட்டுகளை உலர்த்திச் சமைக்கவும் செய்தனர். சீன மளிகைக் கடைகளில் ‘கிம் சியாம்’, அதாவது தங்க ஊசி, என்று விற்கப்படுவது அதுவே.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலையில் உழைத்த தமிழரும் காய்கறி பயிரிட்ட சீனரும் அண்டை அயலாராயினர். அடுத்த வீட்டுக் குழம்பில் மிதக்கும் ‘லில்லி மொட்டை’ நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். லில்லி என்று பெயர் பெற்ற எல்லாமே தின்னத் தக்கவை என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால்?

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் இது வளர்ந்தது. 1753இல் லின்னேயஸ் இதனை லில்லியினின்று பிரித்து, ‘ஹெமரோகாலிஸ்’ என்னும் தனிப் பேரினமாக வைத்தார். கிரேக்கத்தில் நாள், அழகு என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. ஒவ்வொரு பூவும் ஏறத்தாழ ஒரு நாளே விரிந்திருக்கும். மறுநாள் அடுத்த மொட்டு விரியும். அன்றலர்ந்த பூவை நாண்மலர் என்பது நம் பழைய வழக்கு. அப்பெயரையே இதற்குச் சூட்டலாம் என்பது என் கருத்து. ஆயினும், நெடுங்காலம் தாவரவியலார் இதனை லில்லிக் குடும்பத்திலேயே வைத்திருந்தனர். இன்றைய வகைப்பாட்டில் இது நம் சோற்றுக்கற்றாழையின் உறவு!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலாவதான செங்காந்தளை ஆங்கிலத்தில் ‘சுடர் லில்லி’ என்கின்றனர். அதன் கிழங்கிலுள்ள கொல்கிசின் உயிரைப் போக்கும் நஞ்சு. ஆகவே பெயரை நம்பாமல் உருவை நோக்குக. மெய்யான லில்லி செதில் செதிலான கிழங்கிலிருந்து எழும். தண்டு நெடுகிலும் இலை இருக்கும். நாண்மலருக்கு வாள்போன்ற இலைகள் அடியிலிருந்தே கிளம்பும்; பூத்தண்டில் இலை இராது; வேர்கள் தடித்திருக்கும். கடையில் பதப்படுத்தி விற்கும் மொட்டு வேறு, அழகுக்காக வாங்கி நட்ட கலப்பினத்தின் மொட்டு வேறு. பின்னதைப் பறித்துச் சமைக்க வேண்டா.

அமெரிக்காவில் ஆர்லோ ஸ்டவுட் பல்லாண்டுகள் கலப்பினங்களை உருவாக்கி, 1934இல் இச்செடியைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்னும் குட்டை மஞ்சள் வகை 1975இல் வந்தது.

பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் வகைகள் நம் மலையில் மெல்ல நலிந்துபோகும். என்றும் பசுமையாயிருக்கும் வகையையே கேட்டு வாங்குக. மழை மிகுந்த ஊராதலால் மேட்டுப்பாத்தி தேவை. வேர்முடி ஓர் அங்குல ஆழத்தில் இருந்தால் போதும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கொருமுறை புதரைப் பிரித்து நடலாம். வீட்டில் பூனை வளர்ப்போர் இதனைத் தவிர்ப்பதே நன்று. லில்லியைப் போலவே இதுவும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.