ஆற்றுப் பட்டினமும் அஞ்சலட்டையும்: கெய்ரோ நகர் தரும் சான்று

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டுகள், செப்பேடுகள், அரசாங்க ஆவணங்கள், சபைப் பதிவேடுகள் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு செண்டு தபால்தலையுடன் ஊர்விட்டு ஊர் சென்ற புகைப்பட அஞ்சலட்டையை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் சிலரே. ஆயினும் சிறு நகரங்களின் அன்றாட வாழ்வை அறிய இதனினும் நெருங்கிய சான்று அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒகையோ, மிசிசிப்பி ஆகிய இரு பேராறுகளும் கூடுமிடத்தில் அமைந்த கெய்ரோ என்னும் பட்டினத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இவ்வட்டைகள் பெருகிய வரலாற்றை முதலில் அறிதல் நலம். தனியார் அச்சிடும் அட்டைகளையும் ஒரு செண்டுக் கட்டணத்தில் அனுப்பலாம் என 1898ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. 1903இல் கோடக் நிறுவனம் அஞ்சலட்டை அளவிலேயே படமெடுக்கும் மடக்குக் காமிராவை வெளியிட்டது. முகவரிப் பக்கத்திலேயே செய்தியையும் எழுதலாம் என்னும் சலுகை 1907இல் வந்தது. அதன்பின் முன்பக்கம் முழுவதும் படத்திற்கே உரியதாயிற்று. 1908 ஜூன் மாதத்துடன் முடிந்த ஓராண்டில் அந்நாட்டில் 67 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் அஞ்சலிற் சென்றன. அன்று அதன் மக்கள் தொகையோ 9 கோடிக்கும் குறைவு. உள்ளூர்ப் புகைப்படக்காரர் தாம் எடுத்த படத்தை நேரே அட்டைத்தாளிற் பதித்துச் சில பிரதிகளாயினும் விற்க முடிந்தது. பெரிய அச்சகங்கள் எட்டிப் பாராத ஊர்களும் இவ்வாறே படத்தில் இடம்பெற்றன.

1910ஆம் ஆண்டுக் கணக்கின்படி கெய்ரோவின் மக்கள் தொகை 14,548. அந்நகரின் அட்டைகளில் நீராவிக் கப்பல்கள் அணையும் துறையையும், வெள்ளத்தைத் தடுக்கும் கரைகளையும், ஒகையோ ஆற்றின்மேல் 1889இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலத்தையும், கமர்ஷியல் அவென்யூ என்னும் கடைவீதியையும் காண்கிறோம். இரு ஆறுகளுக்கிடையே வாழ்ந்த மக்களுக்குக் கரையே உயிர்க்காப்பு. 1937இலும் 2011இலும் இந்நகரைக் காக்கும் பொருட்டு மிசூரிப் பக்கத்துக் கரையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று என்பதிலிருந்து அதன் அருமை விளங்கும்.

ஆனால் அதே கடைவீதியைக் காட்டும் வேறு சில அட்டைகளும் உண்டு. 1909 நவம்பர் 11ஆம் நாள், வெள்ளையின மங்கை ஒருத்தியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வில் ஜேம்ஸ் என்னும் கறுப்பினத்தவரை, விசாரணைக்கு முன்னரே, ஷெரிப்பின் காவலிலிருந்து ஒரு பெருங்கூட்டம் பறித்துச் சென்றது. மின்விளக்குகள் ஒளிர்ந்த வளைவின்கீழ் அவரைத் தூக்கிலிட்டது. கயிறு அறுந்துவிடவே சுட்டது. பின்னர் உடலை எரித்தது. அன்றிரவே மனைவியைக் கொன்றதாகக் கைதியாயிருந்த வெள்ளையர் ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். வில் ஜேம்ஸ் கொலையுண்ட காட்சிகள் அஞ்சலட்டைகளாகி விற்பனைக்கு வந்தன. கொலையைத் தூண்டும் தன்மையுள்ளவற்றை அஞ்சலில் அனுப்பலாகாது என்று 1908இலேயே சட்டம் செய்யப்பட்டிருந்தும் இவ்வணிகம் நின்றபாடில்லை.

இவ்வட்டைகளின் சான்றுத்தன்மை எத்தகையது? இவை குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலங்களாக எடுக்கப்பட்டவை அல்ல. நினைவுப் பொருள்களாக எடுக்கப்பட்டவை. எடுத்தவர் வெட்கப்படவில்லை, வாங்கியவரும் மறைக்கவில்லை. ஆகவே கொலையை மட்டுமன்றி, அதனைக் காட்சியாகக் கருதிய ஒரு சமுதாயத்தின் மனச்சான்றையும் இவை பதிவு செய்துள்ளன. நீதிமன்ற ஏடுகள் இதனைச் சொல்லமாட்டா.

எனினும் பெருமைக்காக எடுத்த படம் எடுத்தவருக்கே எதிர்ச்சாட்சியாவதும் உண்டு. இக்கொடுமையைக் கண்டித்துப் பேசிய நியூயார்க் போதகர் ஜான் ஹெய்ன்ஸ் ஹோம்ஸ் என்பவருக்கு அலபாமா மாநிலத்திலிருந்து இத்தகைய அட்டையொன்று மிரட்டலாக வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட ‘தி கிரைசிஸ்’ இதழ் அதனை 1912 ஜனவரியில் அச்சிட்டு உலகறியச் செய்தது.

கெய்ரோவிலும் நீதி அடியோடு மடியவில்லை. காவலிலிருந்த கைதி கூட்டத்தினராற் கொல்லப்படின் ஷெரிப் பதவியிழப்பார் என்பது 1905ஆம் ஆண்டு இல்லினாய்ச் சட்டம். பதவியிழந்த பிராங்க் டேவிஸ் மீண்டும் அதனைக் கோரினார். கறுப்பினத்தவர் சிலரும் அவருக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டிருந்தனர். ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கெய்ரோவுக்குச் சென்று, அம்மக்களிடம் பேசி, உண்மைகளைத் திரட்டி, ஆளுநர் டெனீன் முன் வாதாடினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இச்செய்தியைக் காட்டும் அட்டை நாமறிந்தவரை இல்லை. துணிவுமிக்க அச்செயலை நாம் எழுத்துச் சான்றுகளாலேயே அறிகிறோம். படம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதற்கு இதுவே தக்க எடுத்துக்காட்டு.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கெய்ரோவின் மக்கள் தொகை 1,733ஆகச் சுருங்கிவிட்டது. துறையைக் காட்டும் அட்டையையும் தூக்கைக் காட்டும் அட்டையையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பவர் இருவேறு ஊர்களைக் காண்பார். இரண்டையும் அருகருகே வைப்பவரே கெய்ரோவைக் காண்பார்.

நம்மிற் பலர் சபைகளின் நூற்றாண்டு மலர்களுக்கு வரலாறு எழுதுமாறு கேட்கப்படுகிறோம். பழைய படங்கள் நம் கைக்கு வரும்போது, படத்தில் நிற்போரின் பெயர்களைக் கேட்பதோடு அமையாது, எடுத்தவர் யார், எவருக்காக எடுத்தார், எவருடைய தெருவும் வீடும் படத்தில் இடம்பெறவில்லை என்றும் வினவுதல் வேண்டும். விடை நமக்கு உவப்பாயிராவிடினும், அதனையும் மலரில் எழுதுதல் நம் கடமை.