ஒரு கோப்பை கோப்பியும் நம் கண்டி வீதியும்

 

கடந்த வாரம் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், கப்புச்சினோவுக்கும் லாத்தேக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பால் கோப்பிதானே?" வகுப்பே சிரித்தது. ஆனால் நல்ல கேள்வி. நாம் சொன்ன பதிலை இங்கேயும் பகிர்கிறோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எஸ்பிரசோ. கோப்பித்தூளினூடாக வெந்நீரை அழுத்தத்துடன் செலுத்தி, அரை நிமிடத்தில் எடுக்கும் சுமார் 30 மில்லிலீற்றர் சாயம். அதில் சுடுநீர் சேர்த்தால் அமெரிக்கானோ. கொஞ்சம் பால்நுரை மட்டும் வைத்தால் மக்கியாட்டோ. பாலும் தடித்த நுரையும் சேர்ந்தால் கப்புச்சினோ. பால் கூடி, நுரை மெல்லிசானால் லாத்தே. நம் பிளேன்டீ, பால் தேத்தண்ணீர் வித்தியாசம் போலத்தான், அளவுதான் கணக்கு.

பெயர்கள் இத்தாலியிலிருந்து வந்தாலும் பானம் அங்கு பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கக் குடித்தது 'கஹ்வா'. அது துருக்கியில் கஹ்வே, ஒல்லாந்தில் கொஃபி, நம் வாயில் கோப்பி.

இனி நம் ஊர்க் கதை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. அதற்கு முன் தவளம் மாடுகளில் பொதி ஏற்றிச் சென்றவர்களில் முஸ்லிம்கள் பலர். பிறகு கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கேகாலை வழியாகக் கொழும்புக்கு இறங்கின. 1867இல் ரம்புக்கனை ஊடாகக் கண்டிக்கு ரயில் போனதும் முக்கியமாகக் கோப்பிக்காகவே.

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் யார்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுக்க வேண்டும். வந்தவர்கள் லயங்களிலேயே தங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளிடமிருந்துதான் 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது.

தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியும். நடந்து வந்த ஒருவரின் பெயரைக் கேட்டோம். வகுப்பு அமைதியானது. பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எங்க பாட்டிக்குத் தெரியும் சேர்."

அந்தப் பாட்டியின் கதையை எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். தோட்டத்துக் கதையோ, வண்டிக் கதையோ, கடைக் கதையோ, கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.