சுதைக்கு அடியில், பலகைக்குப் பின்னால்

காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய் கண்டறிந்தார். பிற்காலத்தார் பூசிய பூச்சு அவற்றை மூடியிருந்தது. மேற்பரப்பை அகற்றுகிறவன் கையில் வரலாறு வெளிப்படவும் கூடும், அழிந்துபோகவும் கூடும். கோயில் சுவருக்குரிய இந்த உண்மை, ஒரு பழைய காரின் டேஷ்போர்டுக்கும் பொருந்துவதுதான் வியப்பு.

காஞ்சியிலிருந்து வாலாஜாபாத், ஒரகடம் வழியாகக் கிழக்கே சென்றால் வண்டலூர் வரும். 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் உருவானபோது அதில் இருந்து, 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன ஊர். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அங்குதான் கார்களைச் செய்தது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்களுக்கு இந்தியாவில் இடமில்லை என்று 1953இல் அரசு முடிவெடுத்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின, ஸ்டாண்டர்ட் நிலைத்தது. 1961இல் அது வெளியிட்ட கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. கார்க்கூடு செய்து தந்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், பல பட்டறைகளில் தனித்தனியே செய்த தகடுகளை ஓர் அடிச்சட்டத்தின் மேல் திருகிப் பூட்டும் முறையைக் கோவென்ட்ரிப் பொறியாளர்கள் கைக்கொண்டார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த முறை, பாகங்களாகக் கப்பலேற்றி அனுப்பவும் தொலைநாட்டில் பழுதுபார்க்கவும் ஏற்றதாயிற்று. ஹெரால்ட் பிரிப்பதற்கென்றே பிறந்த கார்.

இங்கிலாந்தின் முதல் ஹெரால்டுகளில் டேஷ்போர்டு, அழுத்திச் செய்த சாம்பல்நிற நாரட்டை. 1961இல் வந்த ஹெரால்ட் 1200இல்தான் மெல்லிய மரத்தோல் போர்த்திய பலகை வந்தது. ஆகவே ஒரு வண்டலூர் ஹெரால்டில் இன்று மெருகேற்றிய பலகை பளபளத்தால், அது தொடக்கம் முதல் இருந்ததா, பின்னால் ஒட்டப்பட்டதா என்று கேட்காமல் கை வைக்கலாகாது.

முதலில் பாட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எதிர்மின் முனைக்குப் பதில் நேர்மின் முனையே உடலோடு இணைந்திருந்தது என்பதை மறப்பவர்கள் பிறகு வருந்துவார்கள். அடுத்து வேகமானியின் பின்புறத்துக் கேபிள் மரையைக் கையால் தளர்த்த வேண்டும். ஒயர்களில் லூகாஸ் நிறமுறை பேசும்: பழுப்பு பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர்பெறுவது, நீலம் முகவிளக்கு, சிவப்பு பின்விளக்கு, கறுப்பு உடலிணைப்பு. அறுபதாண்டு வெயிலிலும் தூசியிலும் நிறங்கள் மங்கியிருக்கும்; ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டாமல் அவிழ்ப்பது, பாவு இழைகளை வரிசை குறிக்காமல் அறுப்பதற்குச் சமம் என்பதைக் காஞ்சி நெசவாளர் எவரும் சொல்வார். திருகாணிகள் எல்லாம் வெளிவந்த பின்னும் பலகை அசையாவிட்டால் நெம்பக் கூடாது. எங்கோ ஒரு திருகாணி மீதியிருக்கிறது. நெம்பினால் மரத்தோல் பிளக்கும், நாரட்டை முறியும்.

பலகை வெளிவந்ததும் தெரியும் பின்புறமே உண்மையான ஆவணம். எந்தப் பாகம் கடல் கடந்து வந்தது, எது இங்கே வார்க்கப்பட்டது என்பதை முத்திரைகள் சொல்லும். லூகாஸ் டிவிஎஸ் சென்னையில் தொடங்கியதும் அதே 1961இல்தான்.

இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டை வண்டலூர் செய்தது. அதன் வழிவந்த கெஸலில், இந்திய மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத தனித்தாங்கிப் பின்னச்சைக் கைவிட்டு உறுதியான ஒரே அச்சைப் பொருத்தியது. 1988இல் உற்பத்தி நின்றது. இன்று ஒரகடம் சாலையில் புதிய ஆலைகள் நிறைந்திருக்கின்றன. முன்னோடியின் நினைவு எஞ்சிய கார்களில் மட்டுமே.

அந்தக் கார்களை மீட்பவர்கள் இங்கிலாந்திலிருந்து புதுப்பலகை வரவழைத்துப் பொருத்தி, பழையதைக் குப்பையில் போடுகிறார்கள். கார் அழகாகிவிடுகிறது. ஆனால் அது கோவென்ட்ரியின் காராகிவிடுகிறது. முறிந்த நாரட்டையைப் பின்புறம் பட்டை வைத்து ஒட்டிப் பூட்டலாம், தழும்பு தெரியும். தெரிந்தால் என்ன? பூச்சுக்கு அடியில் கிடைத்த பல்லவ ஓவியங்களும் முழுமையானவை அல்ல. துண்டுகளாகவே அவை நமக்குப் போதுமானவையாக இருக்கின்றன.