உயிர்ப்புள்ளி

உயிர்ப்புள்ளி என்பது, விளையாட்டில் ஒரு பாத்திரமோ படைப்பிரிவோ வீழ்வதற்குமுன் எவ்வளவு தாக்குதலைத் தாங்கும் என்பதைக் காட்டும் எண்ணாகும். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி முடிவுகளைக் காணும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் இது ‘ஹிட் பாயின்ட்’ என வழங்குகிறது. அடி விழுந்தால் எண் குறையும். சுழியைத் தொட்டால் பாத்திரம் சாயும். கணக்கு எளிது, ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்ற வினாவுக்கு அரை நூற்றாண்டாகியும் ஒருமித்த விடை இல்லை. இந்தக் கணக்கு முதலில் ஒரு கூட்டத்துக்கென எழுந்து, பிற்பாடே தனியொருவன் உடலுக்குள் புகுந்தது என்பதை அறிந்தால் குழப்பத்தின் வேர் புலப்படும்.

கூட்டத்தின் உயிர்க்கணக்குக்குத் தமிழகத்தில் நன்கு தெரிந்த சான்று ஆடு புலி ஆட்டம். கோயில் மண்டபத் தரைகளிலும் திண்ணைகளிலும் கோடு கீறி ஆடப்பட்டுவரும் இவ்வாட்டத்தின் பரவலான வடிவில் 23 சந்திப்புகளும், 3 புலிகளும், 15 ஆடுகளும் உண்டு. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் புலி இறங்கினால் ஆடு வெட்டுப்படும். புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டுண்டால் ஆட்டம் முடியும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 4 புலிகள், 20 ஆடுகள் இருக்க, 5 ஆடுகள் போனால் மந்தை தோற்றதாகும். ஆக, தனி ஆட்டுக்குக் காயம் என்ற நிலையே கிடையாது. அது களத்தில் இருக்கும், அல்லது இராது. காயப்படுவது மந்தை. ஓர் ஆடு குறையும்போது மந்தையின் சுற்றிவளைக்கும் வலு குறைகிறது. அந்த வலு தீரும் எல்லையே தோல்வியின் எல்லை. புலிக்கோ அப்படி ஓர் எண்ணே இல்லை. அதைக் கொல்ல முடியாது, முடக்கத்தான் முடியும். தாங்கும் அளவு உடைய தரப்பும், அந்த அளவே இல்லாத தரப்பும் ஒரே பலகையில் மோதும் இந்த அமைப்பு, பிற்கால விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கூர்ந்து கற்கத்தக்கது.

ஐரோப்பியப் போர் விளையாட்டுகளிலும் கணக்கு கூட்டத்தில்தான் தொடங்கியது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ விளையாட்டில், ஒவ்வொரு படைப்பிரிவின் இழப்பும் பகடையின்படி புள்ளிகளாகக் கழிக்கப்பட்டது. அங்கே ஒரு புள்ளி என்பது களத்திலிருந்து நீங்கிய வீரர்களைக் குறித்ததால், அதன் பொருளில் ஐயத்துக்கு இடமில்லை. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூலின் கற்பனைப் பகுதியில்தான் முக்கியமான மாற்றம் நேர்ந்தது. அதில் ‘நாயகன்’ நான்கு வீரர்களுக்கு நிகராவான். அவனை வீழ்த்த ஒரே நேரத்தில் நான்கு அடிகள் விழ வேண்டும். நால்வரின் உயிர் ஒருவனுக்குள் வைக்கப்பட்டது.

அதே காலத்தில் மின்னசோட்டாவில் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை உலகில் ஆட்டம் நடத்திவந்த டேவ் ஆர்னசன், ஒரே அடியில் தம் பாத்திரங்களை இழக்க ஆட்டக்காரர்கள் விரும்பாததைக் கண்டு, கப்பற்போர் விளையாட்டில் தாம் கையாண்ட முறையை மனிதருக்கும் பொருத்தினார். கப்பல் ஓரிரு குண்டுகளில் மூழ்காது. சேதம் சேர்ந்து சேர்ந்தே மூழ்கும். இவ்வாறு சேரும் சேதத்தின் கணக்கே, கைகாக்ஸும் ஆர்னசனும் இணைந்து உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் உயிர்ப்புள்ளியாயிற்று.

பாத்திரம் அனுபவத்தில் உயர உயரப் புள்ளிகளும் கூடின. அங்கேதான் சிக்கல் பிறந்தது. தேர்ந்த வீரனுக்குத் தசையும் எலும்பும் பன்மடங்கு பெருகிவிடுவதில்லை. 1979இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். பத்தாம் நிலையில் நல்ல உடற்கட்டுள்ள போர்வீரன் ஒருவன் சராசரியாக 95 புள்ளிகள் பெறுவான். புதியவனின் மார்பைத் துளைக்கும் அதே வாள்வீச்சு அவனை உரசிச் செல்லும். அந்தப் புள்ளிகளில் உடலின் பங்கு சிறிது. எஞ்சியவை திறமை, நற்பேறு, உள்ளுணர்வு, தெய்வத் துணை ஆகியவை என்பது அவர் கருத்து.

தமிழ் மரபு இதே வியப்பை எதிர்ப்புறமிருந்து எண்ணியது. தஞ்சையைக் கைப்பற்றிச் சோழர் ஆட்சியை மீண்டும் நிறுவிய விசயாலயனின் உடலில் 96 தழும்புகள் இருந்தனவாக, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன் உலாவில் போற்றுகிறார். விளையாட்டு வீரனுக்கு எஞ்சியுள்ள புள்ளிகள் பெருமை. சோழனுக்கோ ஏற்று முடித்த புண்கள் பெருமை. எண் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தது தற்செயலே. எனினும் பலர் மடியும் அளவுக்குத் தாக்குண்டும் ஒருவன் நிற்பதே இரண்டு எண்களும் சொல்ல வரும் செய்தி. காஞ்சியிலிருந்து ஆண்ட சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் செங்கம் பகுதி நடுகற்கள் வேறொரு நோக்கு கொண்டவை. அவை ஆநிரைப் பூசல்களில் மாண்டோருக்கு எடுக்கப்பட்டவை. எத்தனை அடி தாங்கினான் என்று கணக்கிடாமல், யாருக்காகப் பொருது எங்கே பட்டான் என்பதையே பொறித்து வைத்தவை.

கைகாக்ஸின் விளக்கம் ஏற்கத்தக்கதே ஆயினும் முழுமையானதன்று. நஞ்சு தோய்ந்த அம்பு உரசாமல் சென்றால் நஞ்சு உடலில் ஏற வழியில்லை. உயரத்திலிருந்து விழுபவனுக்கு வாள் திறமை உதவாது. குறைந்தது நற்பேறு என்றால் அதைக் காயமாற்றும் மந்திரம் மீட்பது ஏன் என்ற கேள்வியும் எழும். மேலும், ஒரே ஒரு புள்ளி எஞ்சியவனும் முழு வலுவோடு போரிடுகிறான். இக்குறைகளைக் களைய முயன்றவற்றுள் 1977இல் வந்த ‘டிராவலர்’, சேதத்தை வலிமை, லாவகம், தாங்குதிறன் ஆகிய இயல்புகளிலிருந்தே கழித்ததால், அடிபட்டவன் மெய்யாகவே தளர்ந்தான். 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ தலை, கை, கால் என உறுப்புதோறும் புள்ளிகளைப் பிரித்தது. இரண்டும் மெய்ம்மைக்கு நெருக்கமானவை. ஆயினும் ஒற்றை எண்ணே பெருவழக்காக நிலைத்ததற்குக் காரணம், அது ஆட்டக்காரருக்கு முன்னெச்சரிக்கை தருவதாகும்: எண் இறங்குவதைக் கண்டு, நின்று பொருவதா விலகி ஓடுவதா என்று அவர் முடிவெடுக்கலாம். உறுப்புவாரி முறையில் முதல் வெட்டே கழுத்தில் விழுந்துவிடலாம்.

இழந்ததை மீட்கும் முறையும் எண்ணின் பொருளை மாற்றும். ஆடு புலி ஆட்டத்தில் வெட்டுண்ட ஆடு திரும்பாது. கபடியில் எதிரணியினர் வெளியேறும்போது, முன்னர் வெளியேறிய தம்மவர் களத்துக்கு மீள்கின்றனர். அங்கு ஓர் அணியின் உயிர் மற்றதன் இழப்பிலிருந்து வருகிறது. தாயத்தில் வெட்டுண்ட காய் மனைக்குத் திரும்பி, மீண்டும் தாயம் விழக் காத்திருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபதத்தில் பாம்பு கடித்தாலும் காய் இறப்பதில்லை; ஏறிய உயரத்தை மட்டும் இழக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு உயிர்ப்புள்ளியை உடல், மனம் ஆகியவற்றின் உறுதியும், வாழும் விருப்பும், நற்பேறும் கலந்ததாக வரையறுத்து, ஒரு நீண்ட ஓய்வில் அத்தனை புள்ளிகளும் மீள வழிவகுத்தது. ஓர் இரவில் ஆறாத காயத்துக்கு இவ்விதியில் இடமில்லை என்பதால், இப்பதிப்பில் அந்த எண் பெரிதும் களைப்பின் அளவாகவே செயல்படுகிறது.