புள்ளி வைப்பது யார்? மதுரைக் கலைகளும் மழலையர் கணக்கும்

மழலையர் வகுப்புகளுக்குக் கோலம் புதிதல்ல. அச்சிட்ட தாளில் புள்ளியும் கோடும் தயாராக வரும். குழந்தை கிரேயானால் வண்ணம் தீட்டும். பொங்கலுக்கு முன்பு தாள் சுவரில் ஏறும். கலையும் ஆயிற்று, கணக்கும் ஆயிற்று என்று பள்ளி திருப்திப்பட்டுக்கொள்கிறது. கலை ஓரளவு நடந்திருக்கலாம், கணக்கு நடக்கவில்லை. கோலத்தின் கணக்கு புள்ளி வைப்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்த வேலையை அச்சகம் முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

கோலத்தில் கணக்கு உண்டு என்பது வெறும் ஊர்ப் பெருமை அல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி அறிவியலின் இலக்கண விதிகளைக் கொண்டு கோலங்களை விவரித்தனர். நான்கு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

3 புள்ளி, 2 வரை இடைப்புள்ளி போதும். நடுவில் 3, அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சந்தில் அமையுமாறு, 2 வீதம். ஆக 7. மாவுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைக் கொடுத்தால் குழந்தையே அடுக்கும், கலைக்கும், மறுபடி அடுக்கும். எண்ணச் சொன்னால் வாய் 'ஆறு' என்னும்போது விரல் ஐந்தாவது கொட்டையிலேயே நிற்கும். எண்ணி முடித்ததும் 'மொத்தம் எத்தனை?' என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் குழந்தைகள் உண்டு. பொருளுக்கு ஓர் எண் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பதும் வேறுவேறு புரிதல்கள். உளவியலாளர்கள் ராச்சல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978-இல் வெளியிட்ட நூலில் இவற்றைத் தனித்தனி விதிகளாகவே வகுத்தனர். வண்ணம் தீட்டும் தாளில் இந்த இரண்டில் ஒன்றுகூட ஆசிரியர் கண்ணில் படாது.

புள்ளி பிசகினால் கோடு சேராது. தவறைக் காட்ட ஆசிரியர் தேவையில்லை, கோலமே காட்டிவிடும். பொருளே பிழையை உணர்த்த வேண்டும் என்பது கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கொள்கை. 1939-இல் அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

மதுரையில் இன்னொரு புள்ளிக் கலையும் இருக்கிறது: சுங்குடி. சௌராஷ்டிரர்கள் வளர்த்தெடுத்த இந்தக் கலையில், துணியைக் கிள்ளி நூலால் இறுக முடிந்து சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சிட்ட இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். முடிச்சிடுவது குழந்தைக்கு ஆகாத வேலை. ஆனால் பழைய வேட்டித் துண்டில் கட்டைவிரலால் சாயப் புள்ளி வைக்க முடியும். 'இரண்டு விரற்கடை விட்டு அடுத்தது' என்றால், அளவுகோலைக் கண்டிராத குழந்தையும் அளக்கத் தொடங்கிவிடும்.

மதுரையை ஒட்டிய விளாச்சேரி கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. களிமண்ணில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று உருட்டி வரிசைப்படுத்துவது நல்ல பயிற்சிதான். இன்னும் ருசியானது உளவியலாளர் பியாஜே செய்து பார்த்த சோதனை. ஒரே அளவு உருண்டைகள் இரண்டில் ஒன்றை நீளமாக உருட்டினால், இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் நீளமானதில்தான் மண் அதிகம் என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். மறுபடி உருண்டையாக்கிக் காட்டச் சொல்லலாம்.

இப்படிக் கேள்வி மேல் கேள்வி கேட்டால் கலையின் இன்பம் போய்விடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஒரு வேலைக்கு ஒரு கேள்வி போதும், அதுவும் கை ஓய்ந்த பிறகு. கோலம் பெண் பிள்ளைகளின் வேலை என்ற பேச்சுக்கு மட்டும் வகுப்பறையில் இடம் தரக்கூடாது.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. அங்கெல்லாம் இந்தப் பயிற்சிகளுக்குத் தேவையான அரிசி மாவு, புளியங்கொட்டை, களிமண் ஆகியவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். பயிற்சிக் கையேடு தயாரிப்பவர்கள் அடுத்த பதிப்பில் புள்ளி அச்சிட்ட தாள்களை நீக்கிவிட்டு, அந்தப் பக்கங்களை வெற்றுத் தாளாக விட வேண்டும்.