பந்தல்குடிக் கல்லும் அண்ணா சாலைச் சுவர்களும்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் சென்றிருந்தால் பந்தல்குடியைக் கண்டிருப்பீர்கள். மழையை நம்பி வாழும் அந்த வறண்ட பூமிக்கு அடியில் ஒரு செல்வம் இருக்கிறது. அது சுண்ணாம்புக்கல். இன்று அந்தக் கல்லை நாம் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கிறோம். ஆனால் சிமெண்டு பரவுவதற்கு முன்பு கோட்டையானாலும் கோயில் மண்டபமானாலும் செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்தது நீற்றிய சுண்ணாம்புதான். அதன் வலிமையையும் அதற்கு வந்த நோயையும் ஒருங்கே காண வேண்டுமானால் சென்னை அண்ணா சாலையில் ஒரு காலைப் பொழுது நடக்க வேண்டும். வாருங்கள், போவோம்.

விக்டோரியா காலத்துத் தெரு

விக்டோரியா அரசி ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. அப்போது மவுண்ட் ரோடு எனப்பட்ட இச்சாலையில் வெள்ளையர் வணிக நிறுவனங்கள் போட்டியிட்டுக் கட்டடங்கள் எழுப்பின. கடிகார வணிகரான பி. ஓர் நிறுவனத்தின் கட்டடம் 1879-இல் எழுந்தது. மருந்து வணிகரான டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனம் 1897-இல் தூபிகளும் குவிமாடங்களும் கொண்ட ஒரு மாளிகையைக் கட்டியது. அதுவே பின்னாளில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் எனப் பெயர் பெற்றது. அருகிலுள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக் கட்டடம் 1904-இல் வந்தது. அரசி மறைந்த பின்னும் பாணி மறையவில்லை என்பதற்கு அது சான்று.

சற்றுத் தள்ளி, சீமைச் சரக்குகளுக்கும் மது வகைகளுக்கும் பெயர்பெற்ற ஸ்பென்சர் கடை இருந்தது. 1890-களில் எழுந்த அக்கட்டடம் 1983-இல் தீக்கு இரையாயிற்று. அவ்விடத்தில் இன்று நிற்பது புதிய வணிக வளாகம்.

மூடிய கதவுகள்

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் இப்படி நடந்தால் மூடிக்கிடக்கும் மதுக்கடைகள் பலவற்றைக் காணலாம். பெயர்ப்பலகை போய்விட்டாலும், முகப்பில் பதித்த மெருகு ஓடுகள் 'இது மதுக்கடையாக இருந்தது' என்று காட்டிக்கொடுக்கும். நம் நாட்டிலும் மதுக்கடைகள் மூடிய காலம் உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவி, 1971 வரை நீடித்தது. கடை மூடப்படுவது நல்ல காரணத்துக்காகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தொழிலுக்காக ஒரு கட்டடம் எழுந்ததோ அது போய்விட்டால், ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் கையும் போய்விடுகிறது. சிதைவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுவரின் நோய்

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது? சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சூளையில் வேகும்போது, தூய கல் 100 கிலோவிலிருந்து 44 கிலோ கரியமிலவாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீர் விட்டால் அது கொதித்து நீறும். மணலோடு சேர்த்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாகவே மாறிவிடும். சென்னைப் பகுதியில் கிளிஞ்சலைச் சுட்டும் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதுவும் கால்சியம் கார்பனேட்தான். அதை அரைத்து மெருகேற்றிய பூச்சு சலவைக்கல் போல் பளபளத்தது.

சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் உண்டு. சுவர் உறிஞ்சிய ஈரம் அத்துளைகள் வழியே ஆவியாகிவிடும். ஈரம் வெளியேறும்வரை சுவருக்குக் கேடில்லை. பிற்காலத்தில் 'உறுதியாக இருக்கட்டும்' என்று பழைய சுவர்மேல் சிமெண்டு பூசினார்கள். கெட்டியான அப்பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. உள்ளே அகப்பட்ட நீரிலுள்ள உப்புகள் படிகமாகி விரிய, செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. பறவைகள் போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்து விரிசலைப் பிளக்கிறது. சுவருக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லைத் தள்ளுகிறது. நகரத்துப் புகையிலுள்ள கந்தக அமிலமோ சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றிக் கரும்பொருக்கு ஆக்குகிறது. ஆக, நாம் 'முதுமை' என்று சொல்வதில் பெரும்பகுதி முதுமையே அல்ல. கவனிப்பின்மையும் தவறான வைத்தியமும்தான்.

தீர்ப்பு

பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-இல் தொடங்கியது. பாரம்பரியக் காவலர்கள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தடை விதித்தது; 2010-இல் வழங்கிய தீர்ப்பில், இத்தகைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இடிப்பைத் தடுக்கச் சட்டத்தால் முடிந்தது. ஆனால் சுவருக்குள் தேங்கிய ஈரத்தை எந்த ஆணையாலும் போக்க முடியாது. அதற்குச் சுண்ணாம்பின் இயல்பறிந்த கொத்தனார் வேண்டும்.

இனி உங்கள் ஊருக்குத் திரும்புங்கள். பாட்டன் கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீடு உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கலாம். அதன் கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறிக் காரை உதிர்கிறதா? சிமெண்டு மூட்டைக்கு ஆள் அனுப்புமுன் சற்று நில்லுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து முதலில் அதை அடையுங்கள். பிறகு சுண்ணாம்பாலேயே பூசுங்கள். பந்தல்குடி மண்ணுக்கு அடியிலுள்ள கல்லும் அச்சுவரும் ஒரே இனம். அந்த இனத்துக்கு மூச்சுவிட வழி வேண்டும்.